மன்னிப்புக்கு எந்தக் கடை கஸ்தேரா?

படார்!

கண்ணாடி மேஜைமேல் பெட்டி வந்து விழுந்த வேகத்தில், உள்ளே அடுக்கியிருந்த கஸ்தேரா கேக் பாளங்கள் ஒருமுறை குலுங்கி அடங்கின. வாசலோரம் நின்று இலவசத் துண்டை மென்றுகொண்டிருந்த இரண்டு சுற்றுலாப் பயணிகள் மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள்.

"யாரு இங்க பொறுப்பு?"

கேட்டவருக்கு எழுபது வயதுக்குக் கொஞ்சம் குறைவு. காலை ஒன்பதேகாலுக்கே கறுப்புக் கோட்டு, கறுப்பு டை, கறுத்த முகம்.

யசுஹிகோ மாவுக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு உள்ளேயிருந்து ஓடி வந்தான்.

"நான்தாங்க. என்னங்க ஆச்சு?"

"என்ன ஆச்சா? கண்ணத் தொறந்து பாருங்க. பெட்டி மேல என்ன கலர்?"

"சிவப்பும் வெள்ளையும்ங்க."

"நடுவுல என்ன எழுதியிருக்கு?"

யசுஹிகோ படித்தான். "மங்களம்..."

"எங்க அண்ணன் செத்து நேத்து நாப்பத்தொன்பதாம் நாள்யா! வந்தவங்க நாப்பது பேரு. நாப்பது பேரும் மங்களம் மங்களம்னு பையில தூக்கிக்கிட்டு டிராம்ல போயிருக்காங்க! வீட்டுக்குப் போய்ப் பிரிச்சுப் பாத்துட்டு ஒருத்தர் எனக்குப் போன் பண்றாரு, 'உங்க வீட்ல யாருக்குக் கல்யாணம்'னு!"

குனிந்தான் யசுஹிகோ. நிமிரவில்லை. கறுப்பு ஷூக்கள் திரும்பி வாசலைத் தாண்டும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வந்தவர் குசுமோதோ மசனோபு, மலைச்சரிவுக் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர். செத்துப்போன அண்ணன் ஃபுமியோ, மீனை அரைத்துக் கட்டியாக்கும் ஆலையின் முதலாளி. உயிரோடு இருந்தவரை நாகசாகியில் அவர் திருப்பி அனுப்பாத சாமானே கிடையாது. தக்காளி, தச்சன் செய்த கதவு, ஒருமுறை மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டு. அப்படிப்பட்ட மனிதரின் நாற்பத்தொன்பதாம் நாளுக்குக் கல்யாணத் தாள் சுற்றி அனுப்பிவைத்திருக்கிறது தெகாவா கடை.

தெகாவா கடை சாதாரணக் கடையில்லை. நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு போர்த்துகீசிய மாலுமி கரையிறங்கி, முட்டையையும் சர்க்கரையையும் மாவையும் அடித்துக் காட்டி, முதல் முதலாளிக்குச் சொல்லிக்கொடுத்த பக்குவம் என்று பலகையில் தங்க எழுத்தில் போட்டிருக்கும். மூன்று தெரு தள்ளி ஹிரோசே கடைப் பலகையிலும் அதே மாலுமிதான். வருஷம் மட்டும் ஒன்று முந்தி. அந்த மாலுமிக்குப் பெயர் கிடையாது, கல்லறை கிடையாது. ஆனால் இந்த ஊரில் அவன் கைபிடித்துச் சொல்லிக்கொடுக்காத அடுப்பும் கிடையாது. கப்பல் ஓட்ட அவனுக்கு எப்போது நேரம் கிடைத்தது என்று யாரும் கேட்டதில்லை.

தெகாவா கடையில் முதலாளியாகிறவர் தன் சொந்தப் பெயரைக் கழற்றி வைத்துவிட்டுக் கிச்சிஜூரோ என்ற பெயரைப் போட்டுக்கொள்ள வேண்டும். இப்போது இருப்பவர் ஒன்பதாம் கிச்சிஜூரோ. அவருக்கு ஒரே மகள் சயோரி. அவளைக் கட்டிக்கொண்டு, தன் குடும்பப் பெயரைத் துறந்து, வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தவன்தான் யசுஹிகோ. அதற்கு முன் கோத்தோ தீவுக்குப் போகிற படகில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான். பதினொரு வருஷம் ஆயிற்று. பதினொரு வருஷமும் விடியுமுன் எழுந்து முட்டை உடைத்திருக்கிறான். இந்த மாதக் கடைசியில் அவனைப் பத்தாம் கிச்சிஜூரோவாக அறிவிப்பதாகப் பேச்சு. இனிப்புக்கடைச் சங்கத்துக்காரர்களுக்கு அழைப்புகூட அச்சடித்தாகிவிட்டது. பெயர் எழுத வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது. மாமனார் எதிலும் அவசரப்படாதவர்.

மாடியறையில் கூட்டம் கூடியது. முதலாளி, யசுஹிகோ, அடுப்படித் தலைவர் குச்சிகி, பெட்டி கட்டிய தொமோயே. தொமோயே முப்பத்தைந்து வருஷமாக அந்த மேஜைக்குப் பின்னால் நிற்கிறவள்.

"தொமோயே-சான், ஆர்டரை எடுத்தது நீங்கதானே?" என்றார் முதலாளி.

"நான்தான், முதலாளி. போன்ல அந்த வீட்டம்மா சொன்னத எழுதினேன். எழுதினதக் கட்டினேன்." சீட்டை மேஜைமேல் வைத்தாள். குசுமோதோ, நாற்பது பெட்டி, சிவப்பு வெள்ளை. எழுத்து முத்துமுத்தாக இருந்தது.

"சாவு வீட்ல சிவப்பு கேப்பாங்களாம்மா?"

"எனக்கென்ன தெரியும்? கேட்டாங்க."

"அப்ப குசுமோதோ வீட்டு அம்மாவே தப்பா சொல்லிட்டாங்கன்றீங்களா?"

அறை சில்லென்று ஆகிவிட்டது. வாடிக்கையாளர் தப்பாகச் சொல்லியிருப்பார் என்று நினைப்பதே பாவம். 'நீங்கள் என்ன சொன்னீர்கள்' என்று அவர்களிடமே கேட்பது மகாபாவம். அதற்கு அந்த வீட்டு வாசலில் மாவு மூட்டையை அவிழ்த்துக் கொட்டிவிட்டு வரலாம். தொமோயே வாயை இறுக்கிக்கொண்டாள். தப்பு கடையுடையது என்று அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது. கடையுடையது என்றால் யாருடையது என்பதும் கூடவே முடிவானது. மூன்று பேரும் யசுஹிகோவைப் பார்த்தார்கள்.

"நேர்ல போய் மன்னிப்புக் கேக்கணும்," என்றார் முதலாளி. "நானும் வரேன். ஆனா பேசறது நீ. அந்தம்மா நம்ம பெட்டிய வாங்கிக்கிட்டா, மாசக் கடைசியில பேரு உனக்கு. வாங்கலைன்னா ஃபுக்குவோக்காவுல எங்கண்ணன் பையன் ஒருத்தன் இருக்கான். அவனுக்கு முட்டை உடைக்கத் தெரியாது. ஆனா மூக்கு என்னோட மூக்கு."

பழைய பெயரைத் தொலைத்தாயிற்று. புதுப் பெயரும் இல்லையென்றால் தான் யார் என்று யசுஹிகோ ஒரு நொடி யோசித்துப் பார்த்தான்.

"சரிங்க முதலாளி. பெட்டியில என்ன கொண்டுபோறது?"

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

ஊரில் யார் யாரிடம் மன்னிப்புக் கேட்கப் போனாலும் கையில் கஸ்தேரா இருக்கும். காரை இடித்தவன், மார்க்கைத் தப்பாகக் கூட்டிய கணக்கு வாத்தியார், சாக்கடையை அடைக்கவிட்ட நகராட்சி அதிகாரி, எல்லோரும் இந்தக் கடைப் படியேறித்தான் மன்னிப்பை வாங்கிக்கொண்டு போவார்கள். ஆனால் கஸ்தேராக் கடையே தப்புச் செய்துவிட்டால்?

"நம்ம கஸ்தேராவையே கொண்டு போனா என்ன?" என்றான் யசுஹிகோ.

குச்சிகி மறுத்துத் தலையாட்டினார். வருஷத்துக்கு நாலு வாக்கியம் பேசுகிறவர். "கடிச்ச நாயையே கூட்டிட்டுப் போய் மன்னிப்புக் கேக்கற மாதிரி இருக்கும்."

"பழக்கூடை?"

"ஆஸ்பத்திரிக்கா போறீங்க?" என்றாள் தொமோயே.

"அரிசி முறுக்கு?"

"மன்னிப்புக்குக் கனம் வேணும் மாப்பிள்ள," என்றார் முதலாளி. "தூக்கறப்ப கை லேசா நடுங்கணும். முறுக்கு டப்பா காத்துல பறக்கும். அதோட கரக் கரக்னு மெல்லறப்ப யாருக்குக் கோபம் தணியும்? மெத்து மெத்துனு இருக்கணும். இனிப்பா இருக்கணும். பல்லு வேலை செய்யக் கூடாது."

அவர் சொல்லச் சொல்ல அது கஸ்தேராவாகவே வந்து நின்றது. தங்கள் கடையுடையதாக இருக்கக் கூடாது. ஆனால் கஸ்தேராவாக இருக்க வேண்டும். நாலு பேர் மனதிலும் மூன்று தெரு தள்ளியிருந்த பலகைதான் தங்க எழுத்தில் மின்னியது.

முதலாளி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் ஒண்ணும் கேக்கல. நீ ஒண்ணும் சொல்லாத. மூணு மணிக்குள்ள வாங்கிட்டு வந்துடு."

யசுஹிகோ முகக்கவசம் மாட்டிக்கொண்டான். தொப்பி போட்டுக்கொண்டான். சயோரியின் குடையை வாங்கி மூக்கு வரைக்கும் இறக்கிக்கொண்டான். வெயில் சுள்ளென்று அடித்தது. ஹிரோசே கடைக்குள் நுழைந்து, குரலை மாற்றி, "ரெண்டு பாளம்" என்றான்.

"வாங்க வாங்க, தெகாவா மாப்பிள்ளை!" என்றாள் மேஜைக்குப் பின்னால் நின்ற பெண். "மன்னிப்புக்குத்தானே? வெறும் வெள்ளைத் தாள்தானே? கடைப் பேரு வெளியில தெரியாம?"

யசுஹிகோ குடையை மடக்கினான்.

"உங்களுக்கு எப்படி..."

"போன மாசம் எங்க ஆளு உங்க கடைக்கு வந்தாரே. ஒரு பாளத்துல அடியில தூவற சர்க்கரையப் போட மறந்துட்டாங்க எங்க பக்கம். தொமோயே-சான்தான் கட்டிக் குடுத்தாங்க. அவங்க உங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. உள்ளிருந்து ஹிரோசே முதலாளியே வந்துவிட்டார். குண்டு மனிதர். சிரித்தால் கழுத்தும் சேர்ந்து சிரிக்கும்.

"உங்க மாமனார் சௌக்கியமா? நேத்து கடைச் சங்கக் கூட்டத்துல எங்க மாலுமி போலின்னு பேசினாராமே?"

"மன்னிக்கணும்ங்க..."

"அட, அது தொழிலு. நானும்தான் உங்க மாலுமியைக் கடலே பாக்காதவன்னு சொல்லியிருக்கேன். இதப் பாருங்க மாப்பிள்ள, எங்க தப்புக்கு உங்க கஸ்தேரா, உங்க தப்புக்கு எங்க கஸ்தேரா. ரெண்டு கடையும் ஒரே நாளுல தப்புப் பண்ணினா மட்டும்தான் ஆபத்து. அதுக்காகவே நான் உங்க கடை நல்லா நடக்கணும்னு சாமி கும்பிடறேன். யாரு வீட்டுக்குப் போறீங்க?"

"குசுமோதோ வீட்டுக்கு."

ஹிரோசேயின் கழுத்து சிரிப்பதை நிறுத்தியது. "ஃபுமியோ வீடா? அய்யோ. அவரு எங்க பாளத்த அளந்து பாத்துட்டு அரை மில்லிமீட்டர் சாயுதுன்னு திருப்பி அனுப்பினவராச்சே. ரெண்டு பத்தாது. மூணா எடுத்துக்கோங்க."

வீட்டுக்கு வந்து கோட்டு மாட்டும்போது சயோரி டையை இழுத்துச் சரிசெய்தாள். "அழுகை வந்தா தொடைக்காதீங்க. தெரியட்டும். அப்பறம், அப்பா உங்களத் திட்டினாருன்னா குறுக்க பேசாதீங்க. அவங்க முன்னாடி திட்டினா அது திட்டு இல்ல, சமாதானம்."

குசுமோதோ வீட்டுக்குக் கார் போகாது. சரிவில் நூற்றெண்பது படி. பட்டுத்துணியில் முடிந்த மூன்று பாளம் யசுஹிகோவின் கையில் கனத்தது. முதலாளி ஐம்பதாம் படியில் நின்று மூச்சு வாங்கினார்.

"உள்ள போனதும் நெத்தி பாயில படணும். நீ பத்து எண்ணற வரைக்கும் நிமிராத. நான் நாலுல நிமிந்துடுவேன். எனக்கு இடுப்பு."

"சரிங்க முதலாளி."

"எந்தக் கடைன்னு கேட்டா?"

"என்னங்க சொல்றது?"

"கேக்க மாட்டாங்க. நல்ல குடும்பம்."

கதவைத் திறந்தவள் விதவை தெருயோ. எழுபத்திரண்டு வயது. சின்ன உருவம், வெள்ளை முடி. உள்ளே மசனோபு சட்டமாக உட்கார்ந்திருந்தார். அறையில் கத்தரிப்பூ நிறத்தில் புதுத் திரைச்சீலை. புத்தர் மாடத்தில் ஃபுமியோவின் படம். மாடத்துக்கு முன்னால் இருந்த மெத்தையில் ஒரு பூனை கால் நீட்டிப் படுத்திருந்தது.

"அண்ணனுக்குப் பூனைன்னாலே ஆகாது," என்றார் மசனோபு, யாரிடம் என்றில்லாமல்.

"ஆமா. அதுவும் இப்பத்தான் வந்துச்சு. ஒரு மாசமாச்சு," என்றாள் தெருயோ.

மாமனாரும் மாப்பிள்ளையும் குனிந்தார்கள். யசுஹிகோ பத்தைத் தாண்டி இருபது எண்ணினான்.

"எங்க கடை செஞ்சது மன்னிக்க முடியாத தப்புங்க. காரணம் சொல்ல எனக்கு வாயில்ல. எல்லாம் என் பொறுப்பு."

"இவன் பொறுப்புதான்!" என்றார் முதலாளி. "கண்ணு இருந்தும் குருடன்! படகுல டிக்கெட் கிழிச்சுக்கிட்டிருந்தவனக் கொண்டாந்து கடையில வெச்சேன் பாருங்க, அது என் புத்தி!"

சயோரி சொன்னது நினைவிருந்தது. இருந்தும், படகுச் சமாச்சாரம் கொஞ்சம் உள்ளே குத்தியது. யசுஹிகோ துணியை அவிழ்த்து, பெட்டியைப் பாயின்மேல் முன்னால் நகர்த்தினான்.

தெருயோ அதைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். பூனைகூட ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது.

"இது எந்தக் கடையோடதுங்க?" என்று கேட்டாள்.

முதலாளி இருமினார். "அது வந்தும்மா, இந்த ஊருல நெறைய நல்ல கடைங்க..."

பெயர் கைநழுவிப் போவது யசுஹிகோவின் கண்ணுக்கே தெரிந்தது. ஃபுக்குவோக்கா மூக்கும் தெரிந்தது. பொய் சொன்னால், பிரித்து ஒரு வாய் போட்டதும் குட்டு உடைந்துவிடும். இந்த ஊர் நாக்குக்குக் கஸ்தேரா விஷயத்தில் கண்ணும் உண்டு.

"ஹிரோசே கடையோடதுங்க," என்றான். "எங்களோடதக் கொண்டுவர எங்களுக்கு முகமில்ல."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். மசனோபு முழங்காலில் எழுந்தே விட்டார்.

"என்னது! ஹிரோசேயா? நீங்களா? போய் வாங்கினீங்களா? கால் வெச்சு உள்ள போயி?"

"ஆமாங்க."

மசனோபு மெதுவாக உட்கார்ந்தார். முகத்தின் கறுப்பு கரைந்துகொண்டே வந்தது. "அண்ணி, கேட்டீங்களா? எதிரி கடையில போய்த் தலைகுனிஞ்சு வாங்கிட்டு வந்திருக்காங்க. நானூறு வருஷப் பகை! இதுக்கு மேல ஒரு மனுஷன் என்ன மன்னிப்புக் கேக்க முடியும்? அண்ணன் இருந்தா அவரே ஆடிப் போயிருப்பாரு."

முதலாளி ஒரு கண்ணைத் திறந்தார். நிலைமையைப் பார்த்து இரண்டாவதையும் திறந்தார். "கால் கூசுச்சும்மா எங்களுக்கு," என்றார் உருக்கமாக.

தெருயோ பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அவள் எழுந்துபோய்க் கத்தி எடுத்து வந்தாள்.

"அண்ணன் கஸ்தேராவ ஸ்கேல் வெச்சுத்தான் வெட்டுவாரு," என்றார் மசனோபு. கோபம் போனதும் பேச்சு வந்துவிட்டது. "ஒரு துண்டு ரெண்டு சென்டிமீட்டர். ஒரு நூல் தப்பாது. வாரம் தவறாம வருவேன். அவருக்கு ரெண்டு துண்டு, எனக்கு ரெண்டு துண்டு."

"அம்மாவுக்கு?" யசுஹிகோவின் வாய் நழுவிவிட்டது. முதலாளி தொடையில் கிள்ளினார்.

"அண்ணி பாளத்துக்கு அடியில இருக்கற தாள எடுத்துக்குவாங்க. தாள்ல ஒட்டியிருக்கறதச் சுரண்டறதுதான் ருசின்னு சொல்லுவாங்க. இல்லையா அண்ணி?"

"நான் சொல்லல மசனோபு-சான். அவரு சொன்னாரு. நாப்பத்தாறு வருஷமா சொன்னாரு."

கத்தி இறங்கியது. ஸ்கேல் இல்லை. பாளத்தின் கால்பங்கு, செங்கல் கனத்துக்கு ஒரே துண்டு. தெருயோ அடியிலிருந்த தாளை இழுத்து உரித்தாள். பழுப்பு மேலோடு கொஞ்சமும் சர்க்கரைப் பரல் நாலைந்தும் தாளோடு ஒட்டிக்கொண்டு வந்தன.

"அண்ணி, மொதல்ல அண்ணனுக்குப் படைச்சிட்டு..."

"படைக்கறேன்."

அவள் அந்தத் தாளைச் சின்னத் தட்டில் வைத்தாள். தட்டை மாடத்தில் கணவரின் படத்துக்கு முன்னால் வைத்தாள். மணியை 'டிங்' என்று தட்டினாள். கைகூப்பினாள். பிறகு வந்து உட்கார்ந்து, கன்னம் இரண்டும் உப்ப, செங்கல்லைச் சாப்பிட ஆரம்பித்தாள்.

மசனோபுவின் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா? தனக்குப் பிடிச்சதையே எடுத்து அவருக்கு வெச்சுட்டாங்க. இந்தக் காலத்துல எங்க பாக்க முடியும் இப்படி ஒரு பொண்டாட்டிய?"

"எங்கயும் பாக்க முடியாதுங்க," என்றார் முதலாளி கைக்குட்டையை எடுத்தபடி.

யசுஹிகோ படத்துக்கு முன்னால் இருந்த தாளையும் விதவையின் கன்னத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். தொமோயேயின் இறுக மூடிய வாய் ஏனோ நினைவுக்கு வந்தது.

விடைபெற்று வெளியே வந்ததும் முதலாளியின் இடுப்புவலி எங்கோ போய்விட்டது. படி இறங்கிக்கொண்டே, திரும்பிப் பாராமல் சொன்னார்: "அசடு மாதிரி உண்மையச் சொன்னே. நல்லாத்தான் சொன்னே. நாளைக்குத் தையக்காரனுக்குச் சொல்லி விடறேன், விழாவுக்கு உனக்கு உடுப்பு அளவெடுக்க. அழைப்பையும் எடுத்துக் குடு. பேரு எழுதணும்."

அவர் சொன்னது காதில் விழுந்து, உள்ளே இறங்கி, கால்வரை போய்ச் சேர யசுஹிகோவுக்குச் சற்று நேரம் பிடித்தது. அதற்குள் முதலாளி பத்துப் படி கீழே போய்விட்டார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினான். தெருயோ நின்றுகொண்டிருந்தாள். உதட்டோரம் ஒரு துணுக்குக் கஸ்தேரா. உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டு, கதவை மெல்லச் சாத்தினாள். பிறகு அவன் பக்கம் குனிந்து, தணிந்த குரலில் சொன்னாள்:

"வருஷத் திதிக்கும் நாப்பது பெட்டி வேணும் தம்பி, அதே சிவப்புத் தாளு, அதே மங்களம், ஆனா இந்தத் தடவ எவன் வந்து கத்தினாலும், தப்புன்னு மட்டும் ஒத்துக்காதீங்க."